பல்லாவரத்துச் சந்தையில் உதிர்ந்த ‘வீ’

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது (இடம் கிடைத்தால், என்று சேர்த்துப் படிக்கவும்) அன்றைக்கு என்ன கிழமை என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பல்லாவரத்தில் ஏறுகிறவர்களின் கையைப் பார்த்தால் போதும். ஒருவர் கையில் ரோஜாச் செடி. இன்னொருவர் தோளில் இறக்கை இல்லாத மின்விசிறி. மூன்றாமவர் நெஞ்சோடு அணைத்திருக்கும் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து ‘கீச் கீச்’ என்று சத்தம். சந்தேகமே இல்லை, வெள்ளிக்கிழமைதான். பல்லாவரம் சந்தை கூடியிருக்கிறது!

1931-ல் மீட்டர் கேஜ் பாதையில் ஓடத் தொடங்கிய ரயில் இது. 2004-ல் மீட்டர் கேஜ் விடைபெற்றுக் கொண்டது. வண்டி அகலமாயிற்று, கூட்டம் அதைவிட அகலமாயிற்று. வயல்களாகவும் ஏரிகளாகவும் இருந்த இடங்களெல்லாம் நகர்களாகவும் காலனிகளாகவும் மாறி, 2021-ல் தாம்பரம் தனி மாநகராட்சியாகவே ஆகிவிட்டது. அத்தனை வீடுகளின் பரண்களும் என்றாவது ஒரு நாள் காலியாக வேண்டுமே! அவை காலியாகும் இடம்தான் பழைய டிரங்க் ரோடில் கூடும் இந்தச் சந்தை. ஆதியில் இது மாட்டுச் சந்தையாக இருந்ததாம். நான் போன அன்று மாடு கண்ணில் படவில்லை. மற்றபடி தையல் மெஷின், டைப்ரைட்டர், பித்தளை அண்டா, சைக்கிள் சக்கரம், மருத்துவப் புத்தகம், மீன் தொட்டி என்று இல்லாதது எதுவும் இல்லை.

பல்லாவரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1863-ம் வருஷம் மே மாதம் 30-ம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் நிபுணர் இங்கே பரேடு மைதானத்துச் சரளைக் குழியில் கல் ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். பார்த்தால் சாதாரணக் கல். திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, மனிதன் கையால் செதுக்கிய ஆயுதம் என்று அவருக்குப் புலப்பட்டது. இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கருவி அதுதான். ஆகவே, யாரோ போட்டுவிட்டுப் போன சாதனத்தை வேறொருவர் பொறுக்கி எடுத்து, ‘இது எதற்கு உதவும்?’ என்று ஆராய்வது பல்லாவரத்து மண்ணுக்குப் புதிய பழக்கமல்ல.

அந்த மண்ணில் எதிர்வீட்டுப் பையன் ஒரு சாதனத்தைப் பொறுக்கி எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

பையனுக்கு வயது பத்தொன்பது. டிப்ளமா படிக்கிறான். தாயார் தாம்பரம் ஸானடோரியத்தில் 1984-ல் ஏற்பட்ட ஏற்றுமதி வளாகமான ‘மெப்ஸி’ல் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார், நான் ‘அக்கா’ என்று கூப்பிடுவேன். வீட்டில் பாட்டி உண்டு. சேலையூரில் ஒரு சந்துக்குள் இரண்டு அறைக் குடித்தனம். விடுமுறையில் கூரியர் பை சுமந்து சம்பாதித்த பணத்தைப் பையன் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

தரையில் விரித்த தார்ப்பாயில், உயிரற்ற செல்போன்களுக்கும் சிக்கிக் கிடந்த ஒயர்களுக்கும் நடுவே, கெட்டி அகராதி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி.

“அமெரிக்கா அயிட்டம் ஸார், எடுத்துப் பாருங்க. ஓடும். ஓடலேன்னா அடுத்த வெள்ளிக்கிழமை இதே இடத்துல இருப்பேன்” என்றார் கடைக்காரர்.

“எத்தனைங்க?” என்றான் பையன்.

“ரெண்டாயிரத்தைந்நூறு.”

அரை மணி நேரப் பேரத்துக்குப் பிறகு 1,800 ரூபாய்க்கு முடிந்தது.

பெட்டியின் பெயர் ‘வீ’. ஜப்பானில் கியோட்டோ நகரத்து நின்டென்டோ கம்பெனியின் தயாரிப்பு. அந்தக் கம்பெனி 1889-ல் சீட்டுக்கட்டு செய்து பிழைக்க ஆரம்பித்தது என்பதை, சீட்டாடுகிறவர்களைக் கரித்துக் கொட்டும் பெரியவர்கள் கவனிப்பார்களாக! 2006 நவம்பரில் வெளிவந்த இந்த வீடியோ விளையாட்டு யந்திரம் உலகம் முழுவதும் 10 கோடிக்கு மேல் விற்றது. பிறகு புதியவை வந்தன. இது பரணுக்குப் போயிற்று. நம் பழந்தமிழில் பூவின் பருவங்களுக்குத் தனித் தனிப் பெயர் உண்டல்லவா? அரும்பு, முகை, மலர், அலர் என்று போய், உதிரும் பருவத்துப் பூவுக்கு ‘வீ’ என்றே பெயர். ஜப்பான்காரருக்குத் தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் பல்லாவரத்துத் தார்ப்பாயில் கிடந்ததற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

பையன் செய்த முதல் காரியம் எனக்குப் பிடித்திருந்தது. கூடவே கொடுத்த கறுப்பு அடாப்டரைத் திருப்பி, அதில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தான். 120 வோல்ட்! அமெரிக்காவில் அதுதான் மின்சாரம். நம் வீட்டுச் சுவரில் 230. செருகியிருந்தால் சேலையூர்ச் சந்தில் சின்னத் தீபாவளி நடந்திருக்கும். ஆனால் பெட்டிக்குள்ளே போவது 12 வோல்ட் மட்டுமே, 3.7 ஆம்பியர் வேண்டும். அதற்குப் பொருத்தமான உள்ளூர் அடாப்டரை இன்னொரு தார்ப்பாயில் தேடிப் பிடித்தான். இம்மாதிரிச் சாமான் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பொடி எழுத்தைத்தான்.

வீட்டில் இருந்த டெலிவிஷன் முன்பு அரசாங்கம் இலவசமாக வழங்கியது. 2006-க்குப் பிறகு தமிழ்நாட்டில் வீடு வீடாக வந்ததே, அந்தக் கலர்ப் பெட்டி. பழசானாலும் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் அதில் இருந்தன. ஒயரைச் செருகியதும் திரையில் வெளிச்சம் வந்தது. பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆனால் அடுத்த அடி எடுத்து வைக்க முடியவில்லை. இந்த யந்திரத்தை ஆட்டுவிப்பது ரிமோட் போன்ற ஒரு கோல். அதன் மூக்கில் ஒரு சிறிய காமிரா. டெலிவிஷன் மேல் வைக்கும் ஒரு பட்டையின் இரு முனைகளிலும் உள்ள அகச்சிவப்பு விளக்குகளைப் பார்த்துத்தான் எங்கே சுட்டுகிறோம் என்று அது கண்டுகொள்ளும். பட்டையைச் சந்தைக்காரர் கொடுக்கவில்லை. பையன் ஒரு நிமிஷம் யோசித்தான்.

“பாட்டி, ரெண்டு அகல் விளக்கு ஏத்திக் குடேன்.”

“எதுக்குடா, இதுக்குப் பூஜையா?”

பூஜைதான்! சுடர் எதுவானாலும் அகச்சிவப்புக் கதிர் அதில் உண்டு. மேல்நாட்டார் இரண்டு மெழுகுவர்த்தி வைத்து இதே வித்தையைச் செய்திருக்கிறார்கள். டெலிவிஷன் முன் ஓரடி இடைவெளியில் இரண்டு அகல்கள் நின்றன. திரையில் ஒரு கைப் படம் தோன்றி, பையன் கோலை அசைத்த பக்கமெல்லாம் அசைந்தது. இதை நேரில் பார்த்திராவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அன்று இரவு பத்து மணிக்குத்தான் கெட்ட செய்தி தெரிந்தது. விளையாட்டுத் தட்டைச் சுழற்றும் பாகம் செத்திருந்தது. சரி, தட்டு இல்லாமல் கம்பெனியின் கடையிலிருந்து இணையம் வழியே வாங்கலாமா என்றால், அந்தக் கடையை 2019 ஜனவரி 30-ம் தேதியே நின்டென்டோ மூடிவிட்டது. மூளை நன்றாக இருக்கிறது. நினைவு நன்றாக இருக்கிறது. ஆனால் கம்பெனி முத்திரை குத்தாத எந்தப் புரோகிராமையும் அது ஏற்காது. முத்திரை குத்தியதோ கிடைக்காது. ஆரோக்கியமான ஓர் ஆள், எஜமான் வந்து உத்தரவு கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்று படுத்திருப்பதைப் போல! எஜமானோ கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

கடைத்தெருவில் ஒருவர் இதற்கு மருந்து வைத்திருந்தார். 1,500 ரூபாய் கொடுத்தால் யந்திரத்தை ‘ஓப்பன்’ செய்து, 200 விளையாட்டுக்களும் நிரப்பித் தருவாராம்.

இந்தக் கட்டத்தில்தான் அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“தம்பி, நீங்க பத்திரிகையிலே இருக்கீங்க. உள்ளதைச் சொல்லுங்க. இதுல போலீஸ், கேஸுன்னு ஏதாவது வருமா? வரும்னா நாளைக்கே தூக்கிப் போடச் சொல்றேன். காசு போனாப் போகுது. இவன் வேலைக்குப் போக வேண்டிய பிள்ளை.”

பையன் பேசாமல் நின்றான். இரண்டு மாதம் கூரியர் பை சுமந்த தோள் அது.

சட்டத்தைப் புரட்டினேன். 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தில் 65-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. படைப்புக்களைக் காப்பதற்காகப் போட்ட பூட்டை, அந்த உரிமைகளை மீறும் நோக்கத்தோடு உடைப்பவருக்கு இரண்டு வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு. இதில் உயிரான வார்த்தை ‘நோக்கம்’ என்பதுதான். சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காகச் செய்வதை அதே பிரிவு விலக்கி வைக்கிறது. தனியாக எழுதப்பட்ட ஒரு புரோகிராம் இன்னொன்றோடு இணைந்து இயங்கத் தேவையான விவரத்தை அறிவதற்கும் 52-ம் பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை உபயோகிப்பவருக்கு 63-பி பிரிவின்படி ஏழு நாளிலிருந்து மூன்று வருஷம் வரை சிறையும், 50,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் காத்திருக்கின்றன.

“அதாவது, அக்கா, தன் பெட்டியில் தானே எழுதிய புரோகிராமை ஓட்ட இவன் வழி தேடுவது ஒன்று. அந்த மனிதர் 200 திருட்டு விளையாட்டு நிரப்பிக் கொடுப்பது வேறு. நான் வக்கீல் இல்லை. ஆனால் இரண்டாவதன் பக்கமே போக வேண்டாம் என்பேன்.”

அக்கா மகனைப் பார்த்தார். “நீ என்ன பண்ணப் போறே?”

“நானே எழுதப் போறேம்மா. ஆடுபுலி ஆட்டம்” என்றான். அவன் அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

பூட்டு எப்படித் திறந்தது என்ற கதை, நம் துப்பறியும் தொடர்கதைகளுக்குச் சற்றும் இளைத்ததல்ல. இந்த யந்திரத்துக்குள் பெரிய மூளை ஒன்று. அதன் அருகே காவற்காரனாக ஒரு சின்ன மூளை. ரகசிய எண்கள் எல்லாம் காவற்காரன் மடியில். பழைய ‘கேம்கியூப்’ யந்திரத்தின் விளையாட்டுக்களும் இதில் ஓடும் என்று கம்பெனி ஒரு வசதி செய்திருந்தது. அப்போது நினைவகத்தின் ஒரு பகுதியை மட்டுமே அந்த விளையாட்டால் பார்க்க முடியும். மற்ற பகுதி மறைந்திருக்கும், ஆனால் துடைக்கப்பட்டிருக்காது. 2007-ம் வருஷக் கடைசியில் சில இளைஞர்கள் பலகையின் மேல் இரண்டு புள்ளிகளைச் சாதாரணச் சாமணத்தால் தொட்டு, மறைந்த பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வைக்குக் கொண்டுவந்தார்கள்! மடியில் இருந்த ரகசியம் வெளியே வந்தது. ஆங்கிலத்தில் சாமணத்துக்கு ‘ட்வீஸர்ஸ்’ என்று பெயர். அந்தக் குழு தன் பெயரையே ‘டீம் ட்வீஸர்ஸ்’ என்று வைத்துக்கொண்டது.

காவற்காரனுடைய இன்னொரு குறையும் அகப்பட்டது. முத்திரையைச் சரிபார்க்கும்போது இரண்டு எண் வரிசைகளை ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட வேண்டும். ஆனால் எழுத்துக்களை ஒப்பிடுவதற்கான முறையை அங்கே உபயோகித்துவிட்டார்கள். பூஜ்யம் வந்தால் வார்த்தை முடிந்தது என்று அர்த்தம் செய்துகொள்ளும் முறை அது. முதல் இலக்கமே பூஜ்யமாக இருந்துவிட்டால்? ‘எல்லாம் சரி, உள்ளே போகலாம்’ என்று காவற்காரன் கதவைத் திறந்துவிடுவான். சுமார் 256 தடவை முயன்றால் அப்படி ஒன்று அமைந்துவிடும். பூஜ்யத்தை உலகத்துக்குக் கொடுத்த நாட்டார் நாம். இந்த இடத்தில் கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம்.

வெளியிலிருந்து நுழைய வழி தந்தது ஒரு குதிரை. ‘ஸெல்டா’ வரிசை விளையாட்டொன்றில் வீரனுடைய குதிரைக்கு நாமே பெயர் வைக்கலாம். அந்தப் பெயர் எவ்வளவு நீளம் என்று விளையாட்டு அளந்து பார்ப்பதில்லை. 2008 பிப்ரவரியில் மிக மிக நீளமான குதிரைப் பெயர் ஒன்றைத் தயாரித்தார்கள்; அது தனக்குரிய இடத்தில் அடங்காமல் வழிந்து, பக்கத்து இடத்தில் இருந்த உத்தரவுகளின் மேல் உட்கார்ந்துகொண்டது. யந்திரம் குதிரைப் பெயரை உத்தரவாக எண்ணி நிறைவேற்றிற்று! அதே வருஷம் மே மாதம் ‘ஹோம்ப்ரூ சானல்’ வந்தது. ஹோம்ப்ரூ என்றால் வீட்டுத் தயாரிப்பு. கடைப் பொட்டலம் இல்லாமல் வீட்டில் இடித்த மிளகாய்ப் பொடி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கம்பெனி சும்மா இருக்குமா? ஓட்டைகளை அடைத்துக்கொண்டே வந்தது. இவர்களும் புதிது புதிதாகக் கண்டுபிடித்தார்கள். தட்டுச் சுழலாத நம் சேலையூர் யந்திரத்துக்குக் குதிரை வைத்தியம் பலிக்காது. 2011-ல் வந்த ‘லெட்டர்பாம்’தான் பலிக்கும். பெயரைக் கேட்டு அக்கா பயந்தே போனார். வெடிகுண்டு இல்லை, அக்கா; வெறும் கடிதம். யந்திரத்தின் அடையாள எண்ணைக் குறித்துக் கொடுத்தால், அந்த ஒரு யந்திரத்துக்கென்றே கடிதம் ஒன்று தயாராகி வரும். வாங்குமிடத்தில் ‘சிவப்புக் கம்பியை வெட்டுகிறாயா, நீலக் கம்பியை வெட்டுகிறாயா?’ என்று சினிமாவில் போல ஒரு கேள்வி. இரண்டில் எதை அழுத்தினாலும் ஒரே பலன்தான், வேடிக்கைக்காக வைத்திருக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மின்சாரம் போனால் காரியம் கெடும் என்று பையன் வானத்தைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தான். கடிதத்தை நகம் போன்ற நினைவு அட்டையில் ஏற்றி யந்திரத்தில் செருகினான். அகல் இரண்டும் எரிந்தன. யந்திரத்தின் தபால் பலகையைத் திறந்தால் கடிதம் இல்லை! பாட்டி முகத்தில் கவலை. பையன் ஒரு நாள் பின்னால் தள்ளிப் பார்த்தான். நேற்றைய தேதியில் சிவப்பு உறை ஒன்று குண்டுப் படத்தோடு உட்கார்ந்திருந்தது. அதைத் தொட்டான். திரை உறைந்தது. ஒரு விநாடி, இரண்டு விநாடி... கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துக்கள் ஓடின.

பிறகு பெரிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. இந்தப் புரோகிராமுக்கு நீங்கள் பணம் கொடுத்திருந்தால் ஏமாற்றப்பட்டீர்கள், உடனே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள் என்பது அதன் சாரம். சில விநாடி அதைப் பார்த்தே தீர வேண்டும். அப்புறம்தான் மேலே போக விடும். நான் அக்காவுக்கு அதைத் தமிழில் சொன்னேன்.

“அப்போ அந்த ஆளு கேட்ட ஆயிரத்தைந்நூறு?” என்றார் அக்கா.

“இனாமாகக் கிடைக்கும் தண்ணீருக்குக் குடத்துக்கு இவ்வளவு என்று கேட்டிருக்கிறார்.”

சானலை அமைத்ததும் பையன் விளையாட ஓடிவிடவில்லை. ‘பூட்மீ’ என்ற துணைப் புரோகிராமைக் கொண்டு, யந்திரத்தின் உள் நினைவு 512 மெகாபைட்டையும் அட்டையில் பிரதி எடுத்தான். ஏதாவது கோளாறு வந்தால் பழைய நிலைக்குத் திரும்ப அதுதான் காப்பு. கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவசரக்காரர்கள் விட்டுவிடும் வேலை இது. விட்டுவிட்டுச் செங்கல்லை வைத்துக்கொண்டு அழுவார்கள். பிரதி முடிந்து சானலைத் திறந்தபோது, நீலத் திரையில் குமிழிகள் மெல்ல மிதந்தன. மற்றபடி அங்கே ஒன்றுமே இல்லை. குடியிருக்க ஆள் வராத புது வீடு.

வீட்டில் குடியேற்றத்தான் ஆடு புலிகள் வேண்டுமே! அக்காவின் அண்ணன் மகளுக்குப் பள்ளியில் கிடைத்த அரசாங்க மடிக்கணினியில் எழுத ஆரம்பித்தான். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்துக் கணினிகளில் ‘பாஸ் லினக்ஸ்’ என்ற இந்தியத் தயாரிப்பும் சேர்ந்து வந்தது ஞாபகம் இருக்கலாம். அதற்கும் நம் ரயில் பாதைக்கும் சம்பந்தம் உண்டு. 2005-ல் சுதந்திர மென்பொருளுக்கான தேசிய மையம் ஏற்பட்டபோது அதில் பங்கெடுத்த ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி நிலையம், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கிறது. 1949-ல் சி. ராஜம் நிறுவிய எம்.ஐ.டி. அது, அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம். தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டைக்கு இப்படியும் ஒரு சரித்திரம்.

இதற்கிடையே ஒரு நாள் பையன் முகம் வாடியிருந்தது. “மாமா, இதைப் படிச்சீங்களா?” என்றான். ஹோம்ப்ரூ சானலை எழுதியவர்களில் ஒருவர், 2025 ஏப்ரலில் அதன் வேலையையே நிறுத்தி மூடி வைத்துவிட்டார். அதற்கு அஸ்திவாரமான ‘லிப்ஓஜிசி’ என்ற தொகுப்பில், வேறொரு திறந்த மென்பொருளின் வரிகள் எழுதியவர் பெயர் சொல்லாமல் எடுக்கப்பட்டிருக்கின்றன என்பது அவருடைய குற்றச்சாட்டு; நின்டென்டோவின் சரக்கும் கலந்திருக்கிறது என்றார். திருடாதே என்று எச்சரித்தவர்கள் வீட்டிலேயே இப்படி ஒரு வழக்கு! பையனுடைய ஆடுபுலியும் அதே அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கிறது.

“என்ன செய்யப் போகிறாய்?”

“ஆட்டத்தை யாருக்கும் விக்கப் போறதில்லை. ஆனா யார் யார் எழுதினதை எடுத்தேனோ, அத்தனை பேர் பெயரையும் முதல் திரையிலேயே போடுவேன்.” போட்டும்விட்டான். ஆட்டம் ஆரம்பிக்கும் முன் இருபது விநாடி பெயர்ப் பட்டியல் ஓடுகிறது, பாட்டி அலுத்துக்கொள்கிறாள்.

மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளிகள். கோயில் மண்டபத் தரைகளில் கீறி வைத்திருக்கும் அதே கோடுகள் டெலிவிஷனில் தெரிந்தன. பாட்டிக்குப் புலி, எனக்கு ஆடு. மூன்றாவது ஆட்டை இறக்கிய கையோடு, முதல் ஆட்டைப் புலியின் வாயிலிருந்து நகர்த்தினேன். யந்திரம் சம்மதித்தது. பாட்டி சம்மதிக்கவில்லை.

“அது எப்படி? பதினைஞ்சையும் வெச்சு முடிக்காம ஆடு நகரப்படாது. எந்த ஊர்ச் சட்டம்டா இது?”

பையன் நாக்கைக் கடித்துக்கொண்டு, மடிக்கணினியை எடுத்துவர ஓடினான். இரவு ஒன்பதுக்குள் சட்டம் திருத்தப்பட்டது. இன்னும் ஒரு வேலை பாக்கி. எழுத்துக்களை வந்த வரிசையில் அப்படியே வரையும் யந்திரத்துக்கு, நம் கொம்பு எழுத்துக்குமுன் நிற்கும் என்று தெரியாது. பின்னால் கொண்டுபோய் ஒட்டிவிடும். ‘வெ’, ‘தே’, ‘கை’ ஆகியவற்றைப் பையன் நேராக்கிவிட்டான். முன்னே ஒரு கொம்பும் பின்னே ஒரு காலும் வாங்கும் ‘கொ’தான் இன்னும் வழிக்கு வரவில்லை. அதனால் இப்போதைக்குச் சேலையூரில் புலி ஆட்டைக் ‘கொன்றது’ என்று வருவதில்லை. ‘சாப்பிட்டது’ என்றுதான் வருகிறது.